காதை விட்டு ஊத்துடா, மச்சான்

என் தங்கச்சி செல்லம்மாவைக் கட்டிக்கொண்டு, கூடவே என்னையும் வாழ்நாள் முழுக்க வம்புக்கு இழுத்த மச்சான் வெள்ளையனுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. உன் போட்டோவுக்கு விபூதி வைத்துவிட்டேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. செம்மேட்டில் கண்ணாடி போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, உன் வீட்டுச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, மாலையும் போட்டேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் இந்தக் கை இருக்கிறதே, கருப்பன் கோயில் பூசாரியின் கை, அது பாட்டுக்கு இடுப்புப் பையில் நுழைந்து, மூன்று விரலில் அள்ளி, உன் நெற்றியில் பட்டையாக இழுத்துவிட்டது. செல்லம்மா பார்த்தாள். "ஏண்ணா, உசுரோட இருக்கறப்ப கிட்டப் போவ முடியல. இப்ப ஆளு ஓட மாட்டாருன்னு பூசிட்டியா?" என்றாள். ஈரத் துண்டால் துடைத்தேன். அது கண்ணாடி முழுக்க இழுபட்டு, இப்போது நீ முகம் நிறையப் பவுடர் அப்பிக்கொண்டு யார் கல்யாணத்துக்கோ கிளம்பியவன் மாதிரி இருக்கிறாய். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

உன்னோடு லாரி ஓட்டியவர்கள் சேர்ந்து உன் முதல் வருச நினைவுக்கு ஒரு சின்ன மலர் போடுகிறார்களாம். ஆளுக்கு ஒரு கடிதம் கேட்டார்கள். "சாமி இல்லைன்னு சொன்னவருக்குப் பூசாரி எழுதினா நல்லா இருக்கும்" என்று என்னையும் பிடித்துக்கொண்டார்கள். நான் படித்தது மூணாங்கிளாஸ். அதிலும் பாதி நாள் ஆட்டின் பின்னால்தான் போனேன். எழுத்தில் தப்பிருந்தால் அச்சடிக்கிறவர் பார்த்துக்கொள்வார். சொல்வதில் தப்பிருந்தால் நீதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல் போனதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சேதி. உன் லாரியை மலைக்குக் கீழே இருக்கிற கீழ்நாட்டுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். புளியஞ்சோலைப் பக்கம் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நிற்கும்போது போன மாதம் பார்த்தேன். நெற்றிக் கண்ணாடிக்கு மேலே நீ எதுவுமே எழுதாமல் வெறுமையாக வைத்திருந்தாய் அல்லவா, அங்கே பெரிய எழுத்தில் 'கருப்பன் துணை' என்று எழுதியிருக்கிறார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை.

இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். எங்களுடையது மலைமேல் தேவனூர் நாட்டில் ஒரு சின்ன ஊர். ஊருக்கு மேற்கே பலாமரத்தடியில், தகரக் கொட்டகைக்குக் கீழே கருப்பன் நிற்கிறான். சிலை கிடையாது. ஒரு கல், நான்கைந்து வேல், அவ்வளவுதான். திருவிழாவை எந்த வாரம் வைப்பது, சாமை விதைக்கலாமா, இந்தப் பெண்ணை அந்த வீட்டுக்குக் கொடுக்கலாமா என்று எது கேட்க வேண்டுமென்றாலும் கருப்பனிடம் கேட்போம். ஒரு ஆட்டைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவோம். பூசாரி கேள்வியைச் சொல்லி மஞ்சள் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவான். ஆடு உடம்பைச் சிலுப்பினால் கருப்பன் ஆமாம் என்கிறான். சும்மா நின்றால் வேண்டாம் என்கிறான். கேட்டு முடித்ததும் ஆடு வீட்டுக்குப் போய்விடும். அதை யாரும் ஒன்றும் செய்வதில்லை.

நீ கோயிலுக்கு எதிரே இருக்கிற கரண்டு கம்பத்தில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய். கும்பிட்டதும் இல்லை, ஊரில் இருந்தால் வராமல் இருந்ததும் இல்லை. நான் குடத்தைத் தூக்கியதும் கம்பத்திலிருந்து சத்தம் வரும்: "டேய் மச்சான், காதை விட்டு ஊத்துடா!"

காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும் என்பது உன் கட்சி. அதை நிரூபிக்க ஒரு வருசம் உன் நாயையே கூட்டிக்கொண்டு வந்தாய். கம்பத்தடியில் அதன் தலையில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாய். நாய் சிலுப்பிய சிலுப்பில் முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வேட்டியெல்லாம் சேறு. "கருப்பன் எங்க ஊட்டு நாய்கிட்ட வந்துட்டாருங்க. கேக்கறவங்க கேட்டுக்கலாம்" என்றாய். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் உன்னை அடிக்க எழுந்தார். நான் ஓடிப்போய் அவரைப் பின்னால் இருந்து கட்டிப் பிடித்துக்கொண்டேன். அவரைத் தடுக்கிறேன் என்று ஊர் நினைத்தது. என் சிரிப்பை மறைக்க அவர் முதுகைவிட அகலமான இடம் அங்கே இல்லை. அச்சடிக்கிறவர்களே, தயவுசெய்து இந்த மலரில் ஒன்றை அவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஆனால் நீ கத்திய பிறகு நான் காதை விட்டு முதுகில்தான் ஊற்றினேன். உனக்குப் பயந்து இல்லை. 'பூசாரி ஏமாற்றினான்' என்று ஒருத்தன் சொல்லும்படி இருக்கக் கூடாது என்பதற்காக. முதுகில் ஊற்றினால் ஆடு சில தடவை சிலுப்பும், சில தடவை நிற்கும். இரண்டையும் ஊர் ஏற்றுக்கொண்டது. ஒரு கல்யாணப் பேச்சு ஆடு நின்றதால் நின்றும் போனது. அந்தப் பையனைப் பற்றிப் பிற்பாடு தெரிந்தபோது எல்லாரும் கருப்பனைக் கையெடுத்துக் கும்பிட்டோம். நீ மட்டும், "ஆட்டைக் கும்பிடுங்க, அதான் நின்னுச்சு" என்றாய்.

உன்னைப் பற்றி நல்லதாகவே எழுதிக்கொண்டு போனால் நீயே நம்ப மாட்டாய். ஒன்றைச் சொல்கிறேன். என்னை ஆயிரம் கேள்வி கேட்பாயே தவிர, உன்னை ஒன்று கேட்டால் உன் முகம் சிவந்துவிடும். உன் லாரி பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கியது. "இது யாருக்குடா, எஞ்சினுக்கா?" என்று கேட்டேன். "ஓனர் கட்டுனது" என்றாய். அப்போது சரி. பிறகு நீயே ஓனர் ஆனாய். பழம் மட்டும் வாரம் தவறாமல் புதுசாகத் தொங்கியது. கேட்டதற்கு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொண்டை ஊசி வளைவில் லோடு ஏற்றிக்கொண்டு இறங்குகிறவனுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டியிருக்கும், அதில் தப்பில்லை என்று சொல்லத்தான் வந்தேன். நீ கேட்க நிற்கவில்லை. கேள்வி என்றால் இரண்டு பக்கமும் சுடத்தானே வேண்டும்?

இன்னொன்றையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 'கடைசியில் ஆஸ்பத்திரியில் வெள்ளையன் கருப்பா கருப்பா என்று கூப்பிட்டானாம்' என்று ஊரில் ஒரு பேச்சு சுற்றுகிறது. பக்கத்தில் இருந்தவன் நான். நீ கூப்பிட்டது நர்சம்மாவை. கேட்டது டீ. என் இடுப்புப் பையைப் பார்த்து, "அதை வெளிய எடுத்தீன்னா எந்திரிச்சு ஓடிருவேன்" என்றாய். "ஓடினா நல்லதுதான்டா, ஊட்டுக்கு அனுப்பிருவாங்க" என்றேன். சிரித்தாய். சிரித்ததில் இருமல் வந்து, என்னைத்தான் வெளியே அனுப்பினார்கள். நான் பையைத் திறக்கவே இல்லை. உயிரோடு இருந்தபோது நம்பாதவனைச் செத்த பிறகு நம்பினான் என்று கணக்குக் காட்டினால் அது கள்ள ஓட்டு. கருப்பனுக்குக் கள்ள ஓட்டுப் போடுகிற பூசாரி நான் இல்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன்.

தை மாதம் மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்தது. நம் சின்னக்கண்ணு வாசலில் பாய் விரித்துக் காயப் போட்டிருந்த மிளகில் ஒரு பாய் காலையில் வெறும் பாயாகக் கிடந்தது. அந்த வாரம் அவன் தோட்டத்தில் பறித்தவள் ராமாயி. உனக்குத் தெரியும், புருசன் போனபின் தனியாக இருக்கிறவள். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஏணி போட்டு ஏறி மிளகு பறிப்பதில் ஊரில் அவளுக்கு ஈடு ஆள் இல்லை என்பதுதான் அவள் சொத்து. அன்று விடியும்போது அவள் அந்த வாசல் வழியாகப் போனதை யாரோ பார்த்தார்களாம். எல்லாரும்தான் அந்த வழியாகப் போகிறோம்.

சின்னக்கண்ணு நேரே ஊர்க்கவுண்டரிடம் போனான். "கருப்பனையே கேட்டுருவோமுங்க" என்றான். அவள்தான் என்று ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். எவரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள், குழாயில் தண்ணீர் பிடிக்க விட மாட்டார்கள், பேச்சு வார்த்தை இருக்காது. ராமாயி மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கி எங்கே போவாள்?

ஆள்மேல் கேள்வி கேட்பது எங்கள் ஊரில் அபூர்வம். முன்னே ஒரு தடவை அப்படிப் பேச்சு வந்தபோது நீ கம்பத்தை விட்டு நடந்து வந்து, ஆட்டை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டாய். 'ஆடில்லாமல் எப்படிக் கேட்பது' என்று கூட்டம் கலைந்தது. இந்தத் தடவை கம்பத்தில் யாரும் இல்லை.

நல்ல பனி அன்றைக்கு. ஆடு ஏற்கெனவே நடுங்கிக்கொண்டுதான் நின்றது. ராமாயி முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றாள். நான் குடத்தைத் தூக்கி, "கருப்பா, சின்னக்கண்ணு ஊட்டு மிளகை ராமாயி எடுத்திருந்தா உத்தரவு குடு" என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நின்றேன். எதற்கு நின்றேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை. உன் சத்தத்துக்காகத்தான் நின்றிருக்கிறேன் மச்சான். அது வரவில்லை. ஊற்றினேன். முதுகில் விழுந்ததா, காதில் விழுந்ததா, நான் பார்க்கவில்லை. ஆடு உடனே சிலுப்பியது.

சின்னக்கண்ணு, "கேட்டீங்களா, கேட்டீங்களா" என்றான். ஊர்க்கவுண்டர் ராமாயியைப் பார்த்து, "என்னம்மா சொல்ற?" என்றார்.

அவள் அழுவாள், கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. கருப்பனைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், பிறகு மெதுவாக, "நான் எடுக்கலீங்க. ஆனா கருப்பன் பொய் சொல்ல மாட்டானே. எனக்கே தெரியாம தூக்கத்துல எடுத்துட்டனோ என்னமோ" என்றாள்.

ஒருத்தி தன் கையைத் தானே சந்தேகமாகத் திருப்பிப் பார்க்கிறாள், மச்சான். கருப்பன்மேல் இந்த ஊரிலேயே பெரிய நம்பிக்கை வைத்தவள் அவள்தான். அந்த நம்பிக்கையாலேயே அவளை ஊரை விட்டு அனுப்பப் போகிறோம். இதற்கா கருப்பன் அங்கே நிற்கிறான்?

"இருங்க, இன்னொரு கேள்வி இருக்குது" என்றேன்.

ஊர்க்கவுண்டர், "ஒரு விசயத்துக்கு ஒரு கேள்விதாம்பா" என்றார்.

"இது வேற ஆளைப் பத்திங்க" என்று குடத்தில் மறுபடியும் மொண்டேன். "கருப்பா, சின்னக்கண்ணு மிளகைப் பூசாரி காளியண்ணன் எடுத்திருந்தா உத்தரவு குடு." ஊற்றினேன். ஆடு நன்றாகச் சிலுப்பியது.

சின்னக்கண்ணு என்னைப் பார்க்கிறான், என் மடியைப் பார்க்கிறான். மடியில் மிளகு இருக்கிறதா என்று தேடுகிற மாதிரி.

"அடுத்து, ஊர்க்கவுண்டர் எடுத்திருந்தா—"

"டேய்! டேய்!" என்று அவர் எழுந்திருப்பதற்குள் ஊற்றிவிட்டேன். ஆட்டுக்கு இப்போது கோபமே வந்துவிட்டது. சிலுப்பிய சிலுப்பில் அவர் மேல்துண்டு நனைந்தது.

"சின்னக்கண்ணு தன் மிளகைத் தானே எடுத்திருந்தா—"

இதற்கும் சிலுப்பியது. பின்னால் ஒரு கிழவி களுக்கென்று சிரித்தாள். அதோடு கூட்டம் உடைந்தது. பாதிப் பேர் சிரிக்கிறார்கள், பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். யாரோ, "வெள்ளையன் பேய் பூசாரிமேல ஏறிருச்சு! வேப்பந்தழை கொண்டாங்க!" என்று கத்தினார்கள். சாமியும் இல்லை பேயும் இல்லை என்று சொன்னவன் நீ. உன் பேயை ஓட்ட என்னை வேப்பந்தழையால் அடித்தார்கள். இந்த ஊரில் பேயாகி ஒரு பூசாரியைப் பிடித்த முதல் நாத்திகன் நீதான். உன் கட்சிக்காரர்களுக்கு இதை எப்படிச் சொல்லப் போகிறாய்?

ஊர்க்கவுண்டருக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரும் போன பிறகு என்னை நிறுத்திக்கொண்டார். "பூசாரி நீயே சாமியைச் சோதிச்சா, அப்புறம் சாமிக்கு என்ன மரியாதை?" என்றார்.

"ஏனுங்க, சந்தையில யாவாரி நம்ம மிளகைத் தண்ணியில போட்டுத்தான பாக்கறான்? பொக்கு மெதக்கும், மணி கீழ போவும். நல்ல மிளகு கொண்டு போறவன் அதுக்குக் கோவிச்சுக்கறானா? நல்லாப் போட்டுப் பாருன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கறான். கலப்படம் பண்ணினவன்தான் தண்ணியைக் கண்டாப் பயப்படறான்" என்றேன்.

"மிளகும் சாமியும் ஒண்ணாடா?"

"இல்லீங்க. சாமி பெருசு. அப்ப இன்னும் பெரிய தண்ணியிலயே போடலாமே."

அவர் நனைந்த மேல்துண்டைப் பிழிந்து உதறினார். பிறகு சொன்னார்: "காளி, இந்த ஊர்ல பூட்டு வாங்கினவன் எத்தனை பேரு? மிளகை வாசல்ல போட்டுட்டுத் தூங்கறோம். கருப்பன் பாக்கறான்கிற பயந்தான் காவல். இன்னைக்கு நீ ஆட்டை வெச்சு விளையாட்டுக் காட்டிட்ட. நாளைக்கு அந்தப் பயம் போச்சுன்னா, ராமாயி மாதிரி வாசல்ல காயப்போட ஒண்ணும் இல்லாதவளுக்கு இல்ல, மத்த எல்லாருக்குந்தான் நஷ்டம். நீ அதை எங்க போயி வாங்கிட்டு வருவ?"

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பிற்பாடு யோசித்தபோது, 'அந்தப் பயம் இருந்தும்தானே ஒரு பாய் மிளகு போனது' என்று தோன்றியது. ஆனால் போகாமல் இருந்த பாய்கள் எத்தனை என்று யாருக்குத் தெரியும்? நீ இருந்திருந்தால் கம்பத்தில் சாய்ந்துகொண்டு என்ன சொல்லியிருப்பாய்? உன்னிடம் இதற்குப் பதில் இருந்திருக்குமா, இல்லை, எலுமிச்சம்பழத்துக்கு மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாயா? உண்மையாகவே கேட்கிறேன்.

அதைவிடக் கஷ்டமான கேள்வி ராமாயி கேட்டது. மறுநாள் கோயிலுக்கு வந்தாள். எனக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் நன்றி எல்லாம் சொல்லவில்லை. "பூசாரிண்ணா, அப்ப கருப்பன் பொய் சொன்னானா?" என்றாள்.

"கருப்பன் ஒண்ணும் சொல்லல தாயி. ஆட்டுக்குக் குளிருச்சு."

"அப்ப இத்தினி வருசமா?"

உட்கார்ந்திருந்தவன் குனிந்து விளக்குத் திரியைத் தூண்டினேன். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கடைசியில் இப்படிச் சொன்னேன்: "எனக்குத் தெரியல தாயி. ஆனா நீ அப்படிச் சொன்னப்ப என்னால சும்மா நிக்க முடியல. என்னை நிக்க உடாதது எதுவோ, நான் அதைத்தான் கருப்பன்னு கும்பிடறேன்." அவள் யோசித்தாள். கல்லுக்கு முன்னால் ஒரு தரம் விழுந்து கும்பிட்டாள். பிறகு, "ஆட்டை வேணா இனிமே உட்டுருங்க. அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தெரியும், நீ என்ன சொல்வாய் என்று. 'அதுக்குப் பேரு மனசாட்சிடா, அதுக்கு எதுக்கு சூடம்?' என்பாய். இருக்கட்டும். நீ அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறாய், நான் ஒரு பேர் வைத்திருக்கிறேன். என் பேருக்குச் சூடம் கொளுத்தலாம், பொங்கல் கிடைக்கும். உன் பேருக்கு என்ன கிடைக்கும்?

நம்பிக்கை போய்விடவில்லை மச்சான், அதையும் எழுதிவிட வேண்டும். காலையில் கோயிலைக் கூட்டும்போது முன்னைவிட மனசு லேசாகத்தான் இருக்கிறது. முன்பெல்லாம் யாராவது ஏடாகூடமாகக் கேட்டால் எனக்குப் படபடப்பு வரும். அன்றைக்கு நானே கேட்டுவிட்டேன். கல் விழவில்லை, வேல் சாயவில்லை, கருப்பன் அப்படியே நின்றான். அவன் நிற்பான் என்று எனக்கு இருந்த அளவு தைரியம் ஊர்க்கவுண்டருக்கு இல்லையே என்றுதான் ஆச்சரியமாக இருந்தது. சாமியை நம்புகிறவர் அவர்தான், ஆனால் ஒரு கேள்வியில் சாமி உடைந்துவிடும் என்று பயப்படுகிறவரும் அவர்தான். இத்தனை வருசம் நீ கம்பத்திலிருந்து கத்தியதில் கருப்பனுக்கு ஒரு கீறல் விழுந்ததா? பார்க்கப்போனால், நீ இருந்த வரைக்கும் ஒரு பாவப்பட்டவள்மேல் கருப்பன் பேரால் பழி விழவில்லை. கோயிலுக்கு உள்ளே இருந்த நான் செய்யாத காவலை வெளியே கம்பத்தில் சாய்ந்துகொண்டு நீ செய்திருக்கிறாய். இதை உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால் உனக்குத் தலைக்கனம் ஏறியிருக்கும்.

மிளகு இன்றுவரை கிடைக்கவில்லை. யார் எடுத்தது என்று தெரியாது. சின்னக்கண்ணு ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்தான். பிறகு மேல்கொடியில் மிளகு பழுத்து உதிர ஆரம்பித்ததும் ராமாயி வீட்டு வாசலில் போய் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "நாளைக்கு ஏணி சாத்தி வெக்கிறேன்" என்றானாம். அவளும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "போன தடவை ஏணி ஆடுச்சு, நல்ல ஏணியா வையி" என்றாளாம்.

ஊர்க்கவுண்டரும் சும்மா இருக்கவில்லை. ஆடிக்கு முன்னால் ஊரைக் கூட்டிப் பேசினார். "இனிமே ஆள்மேல கேள்வி கிடையாது. திருவிழா, விதைப்பு, கல்யாணம், இதோட சரி" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "கம்பத்துகிட்ட ஒரு ஆளு எப்பவும் நிக்கணும். நிக்கறவங்க எது வேணா கேக்கலாம். நாயை மட்டும் கூட்டியாரக் கூடாது" என்றார். மிளகு பேச்சில் நான் தோற்றேனா ஜெயித்தேனா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவரும் சொல்லவில்லை.

கம்பத்தில் யார் நிற்பது என்று கேள்வி வந்தது. செம்மேட்டுக்குப் போய்ப் படித்த பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். "நான் நிக்கறேன்" என்று ஒரு குரல். செல்லம்மா. வெள்ளி செவ்வாய் விரதம் இருக்கிறவள், நீ கோயிலில் வாயைத் திறந்தால் வீட்டில் சோறு போடாதவள். "உனக்கென்ன புள்ள சந்தேகம்?" என்று கேட்டேன். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அந்த எடம் சும்மா கெடக்கறதைப் பாக்க முடியல" என்றாள்.

மச்சான், உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் பூசாரியாக இருக்கிற வரைக்கும் அந்தக் கம்பத்தடி காலியாக இருக்காது. செல்லம்மா நிற்க முடியாத நாளில் வேறு ஆளை நிறுத்துவேன். நம்பாத ஆளாகக் கிடைத்தால் ரொம்ப நல்லது, கூப்பிட்டு முதல் மரியாதையாக டீ வாங்கிக் கொடுப்பேன். எவரும் கிடைக்காவிட்டால் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நானே அங்கே போய் நின்று கத்திவிட்டு, திரும்ப வந்து ஊற்றுவேன். கேட்கிற ஆள் இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டேன். இது கருப்பன்மேல் சத்தியம். உனக்கு அது செல்லாது என்றால், உன் தங்கமான பொண்டாட்டிமேல் சத்தியம்.

ஆடி பிறந்ததும் திருவிழா நாள் குறிக்க ஆடு நிறுத்தினோம். 'வருகிற வாரம் வைக்கலாமா' என்று கேள்வி. செல்லம்மா கம்பத்தில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு, "அண்ணா, காதை விட்டு ஊத்து!" என்றாள். சத்தம் கொஞ்சம் உடைந்தது, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது. காதை விட்டு ஊற்றினேன். ஆடு நின்றது. திருவிழா நாளுக்கு மட்டும் ஒரே கேள்விக்கு மூன்று குடம்வரை ஊற்றுவது வழக்கம் என்பதால் இன்னொரு குடம் மொண்டேன். அதற்குள் ஆடு என் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே போனது. நான் தடுமாறி உட்கார்ந்துவிட்டேன். குடம் என் தலைமேல் கவிழ்ந்தது. ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு ஆடு மாதிரி ஒரு தரம் சிலுப்பியது. ஊர்க்கவுண்டர் எழுந்து, "உத்தரவாயிருச்சு, வர்ற வாரமே வெச்சுக்கலாம்" என்றார். பம்பை அடித்தார்கள். வைத்துக்கொண்டோம்.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டிக்கு அண்ணனும்
உன் வாய்க்கு ஒரே எதிர்வாயுமான
மச்சான் காளியண்ணன்